பெயரைக் கேட்டு மருந்து கொடுத்தவருக்கு

மருந்தறை அலமாரியை இன்று காலை நகர்த்தினோம். அடியில் கறையான் ஏறியிருக்கிறது என்று தச்சர் சொன்னதால் நகர்த்த வேண்டியதாயிற்று. பின்னால் சுவரோரம் ஒரு பழுப்புக் குப்பி கிடந்தது. தக்கையைத் திருகியதுமே தெரிந்துவிட்டது. கொக்கிப்புழுவுக்கு அந்தக் காலத்தில் நாம் கொடுத்த எண்ணெய். இப்போது அதற்கு வேறு மருந்து வந்துவிட்டது, இதை யாரும் தொடுவதில்லை. கற்பூரத்தோடு எதையோ சேர்த்து அழுகவைத்தது போன்ற அந்த நாற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை ஊற்றும்போதெல்லாம் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். "இதைக் குடிச்சா புழு சாகுமா, நாம சாவோமா ஐயா?" என்று கேட்பீர்கள். நான் சிரித்ததில்லை. அந்த நாட்களில் தோட்டத்துத் துரை சிரித்தால்தான் எனக்கும் சிரிப்பு வரும்.

"நீங்கள்" என்று எழுதுகிறேன். ஒன்றாக வேலை பார்த்த ஐந்து வருடமும் உங்களை "நீ" என்றும் "ஏம்மா" என்றும்தான் கூப்பிட்டேன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவராக இருந்திருப்பீர்கள். கேட்டுத் தெரிந்துகொள்ளத் தோன்றியதில்லை. நான் டிரஸர், டாக்டருக்குக் கீழே மருந்து கொடுத்து ஊசி போடுகிறவன். மலாக்கா டவுனில் இங்கிலீஷ் படித்து, பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் பழகி, பரீட்சை எழுதித் தேறியவன். நீங்கள் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். மணிக்கட்டு பிசகிக் கத்தி பிடிக்க முடியாமல் போனதால், பெண்கள் வார்டுக்கு ஆயாவாக அனுப்பினார்கள். எழுத்து தெரியாது. இந்த இரண்டு வரியோடு உங்களைப் பற்றி நான் தெரிந்துகொள்ள வேண்டியது முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

செலண்டாரிலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளி, மூன்று தோட்டங்களுக்குப் பொதுவாக இருந்த பலகை ஆஸ்பத்திரி அது. ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், நடுவில் மருந்தறை. வெள்ளைக்கார டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் காரில் வருவார். மற்ற ஆறு நாளும் நான்தான் டாக்டர் என்பது என் நினைப்பு. அந்த நினைப்புக்கு இடைஞ்சலாக இருந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஒரு நோயாளியைத் தொட்ட கையோடு அடுத்தவரைத் தொடமாட்டீர்கள். வாளித் தண்ணீரும் சோப்பும் கூடவே நகரும். "இப்படிக் கழுவினா சோப்புக்கு ஸ்டோர் கிராணி என்னைத்தான் கேப்பார்" என்று நான் கத்தியிருக்கிறேன். எழுந்திருக்க முடியாதவர்களைத் தோட்டத்து மணி அடிக்கும்போதெல்லாம் புரட்டிப் படுக்கவைப்பீர்கள். மணி அடித்தால் தோட்டமே வேலைக்கு நகரும், நம் வார்டில் முதுகுகள் நகரும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாவின் கசப்புக்குப் பயந்து நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, நீங்கள் திரும்பியதும் சாக்கடையில் துப்புகிறவர்கள் இருந்தார்கள். அதனால் விழுங்கும்வரை பக்கத்தில் நின்று, "நாக்கைத் தூக்கு பாப்போம்" என்பீர்கள். கங்காணியின் மனைவிக்கும் அதே கட்டளைதான். அவள் கோபித்துக்கொண்டு என்னிடம் வந்து முறையிட்டாள், நான் உங்களைத் திட்டினேன், மறுநாளும் நீங்கள் அவள் நாக்கைத் தூக்கச் சொன்னீர்கள்.

குப்பி விஷயம் இன்னும் மோசம். அலமாரியிலிருந்து எடுக்கும்போது லேபிலைப் படிக்கச் சொல்வீர்கள். ஊற்றும் முன் ஒரு தடவை. திரும்ப வைக்கும்போது ஒரு தடவை. "இப்பத்தானே படிச்சேன்" என்றால், "எனக்குத் தெரியாதே ஐயா, நீங்க படிச்சாத்தானே உண்டு" என்று தலையைச் சொறிவீர்கள். எழுத்து தெரியாத ஆளின் தொந்தரவு என்றுதான் நினைத்தேன். பரீட்சைக்கு நான் மனப்பாடம் செய்த புத்தகத்தில் இதே மூன்று தடவை இருந்தது. அதை எழுதி மதிப்பெண் வாங்கியதோடு எனக்கும் அதற்கும் உறவு முடிந்திருந்தது.

எல்லாவற்றையும்விட என்னை எரிச்சல்படுத்தியது, நீங்கள் பெயர் கேட்ட விதம். பத்து நாளாகப் படுத்திருக்கும் கிழவியிடமும் மருந்துக் கோப்பையை நீட்டும் முன், "உன் பேரு என்ன? உங்கப்பன் பேரு என்ன? எந்த லயம்?" என்பீர்கள். முதலில் புருஷன் பெயரைத்தான் கேட்டுப் பார்த்தீர்களாம். எந்தப் பெண்ணும் வாயைத் திறக்கவில்லை, பக்கத்துக் கட்டிலைக் காட்டி அவளைச் சொல்லச் சொன்னார்கள். அதனால் அப்பன் பெயருக்கு மாறினீர்கள். "நீதானே முனியம்மா என்று கேட்டால் முடிந்தது, இதென்ன கோர்ட்டு விசாரணை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அப்படிக் கேட்டா எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்க ஐயா. நாங்க பெரட்டுல நின்னு பழகுன ஆளுங்க."

பெரட்டு என்பது விடிவதற்குள் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது; நான் அதில் ஒரு நாளும் நின்றதில்லை. வராதவர் பேரைக் கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டால், பக்கத்தில் நிற்பவர் குரலை மாற்றி "ஆமாங்க ஐயா" என்று சொல்லிக் காப்பாற்றுவார். நாளைக்கு அவர் இவரைக் காப்பாற்றுவார். ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயத்தில் அது பெரிய மரியாதை. நீங்களும் ஒரு தோழிக்காக அப்படிச் சொன்னீர்கள். காய்ச்சலோடு அறையில் கிடந்தவள் வேலைக்கு வந்துவிட்டதாகப் பேர் பதிந்தது. வராதவர்களைத் தேடி லயத்துக்குப் போகிற ஆள் அவள் கதவைத் தட்டவில்லை. பால் எடை போட்டுவிட்டு நீங்கள் மத்தியானம் திரும்பியபோது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. இதைத் துணி மடித்துக்கொண்டே சொன்னீர்கள், சொல்லி முடித்ததும் அடுத்த துணியை எடுத்தீர்கள். துணி சரியாக மடிக்கவில்லை என்றேன் நான்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காய்ச்சல் பருவம். இரண்டு கூடமும் நிரம்பி, நடையிலும் பாய் விரித்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வார்டில் ஆறாம் நம்பர் கட்டிலில் ஒருத்தி இறந்திருந்தாள். திங்கள் சாயங்காலம் வந்த பேச்சி என்ற பெண்ணை அந்தக் கட்டிலில் போட்டோம், வேறு இடமில்லை. பத்தொன்பது வயது. மாதக் கணக்கில் காய்ச்சலில் கிடந்து ரத்தம் சுண்டிப்போன உடம்பு. அவளுக்கும் வயிற்றில் புழு உண்டு, ஆனால் உடம்பு தேறும்வரை புழு எண்ணெய் கொடுக்கக் கூடாது என்று அவள் சீட்டில் நானே எழுதினேன். ஒன்பதாம் நம்பரில் குப்பம்மா. நாற்பத்தைந்து வயது, திடமான உடம்பு, காலையில் வெறும் வயிற்றில் எண்ணெய் குடிக்க வேண்டியவள்.

செத்தவர் படுத்த இடத்தில் சூடம் காட்டாமல் யாரும் படுக்கமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், ஆனால் ஆஸ்பத்திரியில் அதெல்லாம் செல்லாது என்பது என் கொள்கை. பேச்சி பயந்து அழுதிருக்கிறாள். "செத்தவ என்னை என்ன பண்ணிருவா, நீ என் கட்டிலுக்குப் போ" என்று குப்பம்மா இடம் மாற்றிக்கொண்டிருக்கிறாள். தலைமாட்டுச் சீட்டுகள் மாறவில்லை. நமக்கும் சொல்லவில்லை.

விடிந்ததும் நீங்கள் பின்கட்டில், இறந்தவளின் பாயையும் போர்வையையும் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். பத்து மணிக்கு டாக்டர் வருவார், அதற்குள் மருந்தெல்லாம் முடிந்துவிட்டதாகக் காட்ட வேண்டும் என்று எனக்கு அவசரம். தட்டை நானே எடுத்துக்கொண்டு போனேன். ஒன்பதாம் நம்பர் சீட்டைப் பார்த்தேன். வயது நாற்பத்தைந்து என்று அதில் என் கையெழுத்தில்தான் இருந்தது. கட்டிலில் இருந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

"குப்பம்மாதானே?" என்றேன்.

"ஆமாங்க ஐயா."

குப்பம்மா அப்போது பின்னால் குளிக்கப் போயிருந்தாள். கூப்பிட்ட நேரத்தில் இல்லையென்றால் அக்காவுக்கு ஏச்சு விழும் என்று பேச்சி அவளுக்காகப் பெரட்டில் சொல்வதுபோல் சொல்லியிருக்கிறாள். இடம் கொடுத்தவளுக்கு அவளால் செய்ய முடிந்த கைம்மாறு அதுதான். நான் கோப்பையை நீட்டினேன், ஐயா கொடுத்ததைக் குடித்தாள். அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

அரை மணி நேரம் கழித்து நீங்கள் பெண்கள் கூடத்துக்குள் வந்தீர்கள். பேச்சி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காதுக்குள் வண்டு கத்துகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீங்கள் அவள் வாயருகே குனிந்து முகர்ந்தீர்கள். "ஐயா!" என்ற உங்கள் குரல் மருந்தறைக்குக் கேட்டது. "இவ வாயில புழு எண்ணெய் நாத்தம் அடிக்குது."

நான் ஓடிவந்தபோது அவள் கண் சொருகத் தொடங்கியிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று படித்தவன் நான். படித்ததில் ஒரு வரிகூட வரவில்லை. நீங்கள் அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாந்தி தொண்டையில் அடைக்காமல் தலையைத் தாழ்த்திப் பிடித்தீர்கள். "பேதி உப்பு குடுக்கலாமா? முழுங்குற நெனவு இருக்கு ஐயா, சீக்கிரம்!" என்றீர்கள். கொண்டுவந்தேன். "லேபிலைப் படிங்க" என்றீர்கள். அந்த நேரத்திலும். படித்தேன். கெட்டிக் காப்பி கொடுத்தோம். கால்மாட்டில் வெந்நீர்ப் போத்தல் வைத்தோம், சூட்டை முதலில் உங்கள் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு. அவள் தூங்கிவிடாமல் ஊர்க்கதை கேட்டுக்கொண்டே மூச்சை எண்ணினீர்கள், எண்ணிக்கையை என்னிடம் சொல்ல நான் எழுதினேன். அந்த ஒரு மணி நேரமும் நீங்கள் டிரஸர், நான் ஆயா.

டாக்டர் வந்தபோது ஆபத்து கடந்திருந்தது. நாடியைப் பார்த்தார், நான் எழுதிவைத்த மூச்சுக் கணக்கைப் பார்த்தார், கட்டில் மாறிய கதையைக் கேட்டார். பிறகு உங்களைக் காட்டி, "இந்தப் பெண்பிள்ளைதான் கொடுத்திருப்பாள், இல்லையா?" என்று இங்கிலீஷில் என்னிடம் கேட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான் ஒருவன்தான் இருந்தேன். "இல்லை, நான்தான்" என்று சொல்ல இங்கிலீஷில் எனக்கு வார்த்தை இல்லாமல் போகவில்லை. என் மனைவிக்கு அது எட்டாம் மாதம். வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். இதையெல்லாம் அப்போது நினைத்தேனா, பின்னால் சேர்த்துக்கொண்டேனா என்று தெரியவில்லை.

நான் உங்கள் பக்கம் திரும்பினேன். "டாக்டர் கேக்குறார். நீதானே குடுத்தே?"

நீங்கள் எப்படிக் கேட்கக் கூடாது என்று சொன்னீர்களோ, அப்படியே கேட்டேன். நீங்கள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தீர்கள். கையில் வாந்தித் துணி இருந்தது.

"ஆமாங்க ஐயா."

"எஸ், சார்" என்றேன். மொழிபெயர்ப்பில் பிழை இல்லை.

அன்று சாயங்காலமே உங்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்தில் களை பிடுங்க ஆள் வேண்டும் என்று அனுப்பினார்கள். மருந்தறைச் சாவியைக் கொடுக்க வந்தீர்கள். வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தீர்கள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், நீங்கள் விடவில்லை.

"அம்பது பேரு காய்ச்சல்ல கெடக்குறாங்க. எனக்கு ஊசி போடத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களைத்தான் காட்டிக் குடுத்திருப்பேன் லா, சந்தேகமே வேணாம்." பிறகு, "லேபிலை நீங்களே படிச்சுக்குங்க. சத்தமாப் படிங்க, கேக்க ஆளில்லேன்னாலும்" என்றீர்கள். நல்ல மனசோடு சொன்னீர்களா, கோபமாகச் சொன்னீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கோபமாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

பேச்சி பிழைத்தாள். இரண்டு காதும் போய்விட்டன. பிள்ளைகள் பிறந்து, இங்கேயே இருக்கிறாள். கோவில் திருவிழாவில் என்னைப் பார்த்தால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கும்பிடுவாள். தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது. "ஐயாதான் எனக்கு உசுரு குடுத்தவரு!" என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொல்வாள். நான் பதில் சொன்னாலும் அவளுக்குக் கேட்காது. கேட்காது என்பதால் ஒரு தடவைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை.

லூபோக் சீனா எவ்வளவு தூரம்? பஸ்ஸில் ஒரு காலைப் பொழுது. நான் வரவில்லை. முதல் வருடம் வெட்கம், இரண்டாம் வருடம் வேலை, அப்புறம் ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களை ஊருக்குக் கப்பலேற்றியபோது நீங்களும் போயிருப்பீர்கள் என்று ஒரு சௌகரியம். நீங்கள் போகவில்லை. லயங்களுக்குத் துணி கொண்டுவரும் ராவுத்தர்தான் சொன்னார். "அந்த அக்கா மௌத்தாயிட்டாங்க டிரஸரே. நெஞ்சுச்சளி. கடைசி வாரம் அங்கிட்டு டிரஸரைப் படுத்தி எடுத்துட்டாங்களாம், லேபிலைப் படிச்சுக் காட்டுனாத்தான் மருந்து குடிப்பேன்னு." அவர் சிரித்தார். நான் ஒரு போர்வைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, வந்ததை அவர் பார்த்துவிட்டார், சொந்தக்காரரா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீங்கள் போன மறுநாளிலிருந்து நான் பெயர் கேட்கிறேன். பேர் என்ன, அப்பன் பேர் என்ன, எந்த லயம். முகத்தைப் பார்த்துக் கேட்கிறேன். வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அதையே பழக்கினேன், மறந்தவர்களை ஈவு இரக்கமில்லாமல் ஏசினேன். இறந்தவர் கட்டிலுக்கு இப்போது நானே சூடம் வாங்கிக் கொடுத்துக் காட்டச் சொல்கிறேன். அப்புறம் அதில் படுக்க யாரும் மறுப்பதில்லை, யாரும் ரகசியமாக இடம் மாறுவதும் இல்லை. இத்தனை வருடத்தில் இந்த வார்டில் மருந்து ஆள் மாறிப் போனதில்லை.

போன வருடம் முதல் செவ்வாய்க்கிழமைகளில் வருகிற டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், வயதில் என் மகன் மாதிரி. நேற்று பெண்கள் கூடத்தில் கொஞ்ச நேரம் நின்று கவனித்தார். "உது நல்ல பழக்கம். மற்றத் தோட்டங்களுக்கும் எழுதப்போறன். நீங்கள் கொண்டுவந்ததுதானே?" என்றார்.

"ஆமாம் ஐயா" என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன். இல்லை, ஓர் ஆயாவுடையது. அவர் மேல் விழுந்த பழி என்னுடையது. எண்ணெயைக் கொடுத்தவன் நான், அவர் ஆமாம் என்றதை மொழிபெயர்த்தவனும் நான். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "எத்தனை வருசமாச்சு?"

"பதினோரு வருடம்."

"அந்தப் பிள்ளை தப்பிட்டாதானே? பிறகென்ன, விடுங்கோ. அந்த நாளையில ஆர்தான் பிழை விடேல்ல?" என் தோளில் தட்டினார். "தேத்தண்ணி இருக்கோ?"

தேநீர் கொண்டுவரச் சொன்னேன். குடித்துவிட்டு மெர்லிமாவ் பக்கம் போக வேண்டும் என்று காரில் ஏறினார். என் வேலை போகவில்லை, வீடு போகவில்லை, மாலையில் வார்டில் எனக்கு மரியாதை ஒரு படி கூடித்தான் இருந்தது. ஐயா எவ்வளவு நேர்மையானவர் என்று பேசிக்கொண்டார்கள். அன்று சொல்லியிருந்தால் இத்தனையும் போயிருக்கும், நீங்கள் இருந்திருப்பீர்கள். நேற்று சொன்னதில் எனக்கு ஒன்றும் குறையவில்லை. அதனால் அதைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சொல்ல வேண்டிய இடம் நீங்கள்தான் என்று இரவெல்லாம் தோன்றியது. உங்களுக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆனாலும் சாவியை வாங்கிக்கொண்ட அன்றைக்கும், அதற்குப் பிறகும், இதை என் வாயால் ஒரு தடவைகூட உங்களிடம் நான் சொன்னதில்லை. பேச்சிக்கு அந்த மருந்தைக் கொடுத்தது நான்.